எண்ணெய்த் தலையோடு இறங்கியவர்கள்

புதிதாக பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீசுக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தார். காபியைக் குடித்துவிட்டு, "இந்த வேலையில முக்கியமா எதைப் பாக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டார். கடிகாரத்தை என்று சொல்வேன் என எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எழுதிக்கொள்ள ஒரு நோட்டுகூட வைத்திருந்தார். "பஸ்ஸ விட்டு எறங்குதவன் தலையைப் பாரு. அப்புறம் காலைப் பாரு" என்றேன். ஓய்வு பெற்ற கையோடு இவருக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார். மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றிரண்டு வரும். அதை வைத்து என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிட வேண்டாம். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்தவன் கதை இது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சென்னை ரயிலும் மதுரை ரயிலும் கொண்டுவந்து கொட்டுகிற கூட்டம் ஒரு பக்கம். சுரண்டை, புளியங்குடி, செங்கோட்டை பஸ்களில் வருகிற கூட்டம் இன்னொரு பக்கம். கொல்லத்திலிருந்து மலையிறங்கி வருகிறவர்கள் வேறு. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் அருவிக்குப் போக வேண்டும், சாயங்காலம் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஊர் திரும்ப வேண்டும். இந்தக் கூட்டத்துக்காகச் சீசன் மாதங்களில் மட்டும் ஒரு மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டு, மைக் கட்டி, தற்காலிக ஸ்டாண்டு ஒன்று நடத்தினோம். அதற்கு டைம் கீப்பர் நான். அருவிக்குப் போகும் ஸ்பெஷல்களும் வெளியூர் வண்டிகளும் அங்கேதான் வந்து போயின. என் விசில் இல்லாமல் ஒரு சக்கரம் உருளாது.

அந்த விசில்தான் என் தலையில் கனமாக ஏறியிருந்தது. அந்த வருடம் நான் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தேன். அதுவரை, அருவியிலிருந்து வரும் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு, டிரிப் ஷீட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வருவார், கையெழுத்து வாங்குவார், ஒரு டீ குடிப்பார், நாலு வார்த்தை பேசுவார், போவார். பத்து நிமிடம் போய்விடும். நான் அதை ஒழித்தேன். வண்டி உள்ளே நுழைந்ததும் நானே ஓடிப் போய் ஓட்டுநரின் ஜன்னலுக்குக் கீழே நின்று, நீட்டுகிற ஷீட்டில் கையெழுத்துப் போடுவேன். ஆள் இறங்கியதும் ஆளை ஏற்று, வண்டியைத் திருப்பு. ஓட்டுநர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது. ஒரு வண்டிக்கு ஒரு நாளில் இரண்டு நடை கூடுதலாகக் கிடைத்தது. மேலதிகாரிகள் பாராட்டினார்கள். மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அது ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குள் நல்ல வெயில், மலையில் மட்டும் மேகம் கட்டியிருந்தது. மதியம் இரண்டேகால் மணி இருக்கும். கடையநல்லூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மைதீன், அவர் மனைவி ஜமீலா, மைதீனைப் பெற்ற உம்மா. மைதீன் வளைகுடாவில் வேலை. விடுப்பு முடிந்து, அன்று மாலை ஆறரைக்கு எங்கள் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் திருவனந்தபுரம் பஸ்ஸில் போய், விடியற்காலை விமானம் ஏற வேண்டும். நைலான் கயிறு போட்டுக் கட்டிய பெரிய அட்டைப்பெட்டி ஒன்று, தோள்பை ஒன்று. பெட்டியின் நாலு பக்கமும் கொட்டை எழுத்தில் அவர் பெயர்.

"அண்ணாச்சி, இந்தச் சாமானை இங்கன வச்சிட்டுப் போவட்டுமா? உம்மாவுக்கு என்கூட அருவியில ஒரு குளி குளிக்கணும்னு ஆசை. லீவு பூரா அலைச்சலாப் போச்சு. இன்னைக்கு விட்டா இனி ரெண்டு வருசம்."

"தாராளமா வைங்க" என்றேன். பணம், போன் எல்லாவற்றையும் தோள்பையிலேயே போட்டு ஜிப்பை இழுத்து, என் நாற்காலிக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். குளிக்கப் போகிற இடத்தில் போனை யாரிடம் கொடுத்து வைப்பது, அதனால் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

உம்மா மட்டும் தயங்கி நின்றார். அறுபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார். முழங்கால் இரண்டும் வீங்கிப் போய், மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"தண்ணி ரொம்ப விழுதாமே தம்பி. பயமில்லையே?"

நான் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். "ஒரு பயமும் இல்லை பெரியம்மா. நான் சொல்லுதேன். ஐந்தருவிக்குப் போங்க, பொம்பளையாளுக்குத் தனி இடம். பச்சப்புள்ளயும் குளிக்கலாம். தைரியமா நின்னு குளிச்சிட்டு வாங்க."

எதை வைத்துச் சொன்னேன்? காலையில் யாரோ சொன்னதை வைத்துச் சொன்னேன். ஆறு மணி நேரத்துக்கு முந்தைய செய்தி அது. ஆனால் என் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. அந்தக் குரலை நம்பி அவர் முகம் தெளிந்தது. இரண்டரை மணி ஸ்பெஷலில் நானே கூட்டத்தை விலக்கி, மூவருக்கும் முன் சீட்டில் இடம் பிடித்துக் கொடுத்து, விசில் ஊதி அனுப்பி வைத்தேன்.

நாலு மணிக்கு ஐந்தருவியிலிருந்து ஒரு வண்டி வந்தது. சண்முகையா ஓட்டி வந்தார். வண்டி நிறைய ஆள். நான் வழக்கம்போல ஜன்னலுக்குக் கீழே ஓடினேன். ஷீட்டை நீட்டிக்கொண்டே அவர், "அண்ணாச்சி, மேல என்னன்னா..." என்று ஆரம்பித்தார்.

"பேச்செல்லாம் பொறவு பேசிக்கிடலாம்லே. வண்டியைத் திருப்பு" என்றேன். கையெழுத்தைப் போட்டேன். பின்னால் இன்னொரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஏற வேண்டிய கூட்டம் கதவில் தொங்கிவிட்டது. சண்முகையா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கியரைப் போட்டார்.

அப்போதுதான் செல்லத்தாயி வந்தாள். ஸ்டாண்டின் கழிப்பறையும், துணி மாற்றும் தடுப்பும் அவள் பொறுப்பில் இருந்தன. வெள்ளைப் பேப்பரில் எழுதாத கணக்கெல்லாம் அவளிடம் இருக்கும். யார் எந்த ஊர், யார் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றெல்லாம் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதற்காகவே நான் அவளைக் கொஞ்சம் கிண்டல் செய்வதுண்டு.

"அண்ணாச்சி, எல்லாரும் எண்ணெத் தலையோட எறங்குதாவ."

"இருக்கட்டும். கூட்டம் சாஸ்தி, எடம் கெடைக்காமத் திரும்பிருப்பாவ."

"எடம் கெடைக்காதவன் காஞ்ச தலையோடல்லா வருவான். இவ்வோ எண்ணெ தேச்சிருக்காவ. எண்ணெ தேச்சவன் குளிக்காம வருவானா? என்கிட்ட ஒருத்தரும் துணி மாத்த வரல, பாத்துக்கிடுங்க."

இந்த ஊர்க்காரனுக்கு இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டுக்கொண்டு, அருவிக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவன், இரண்டு மணி நேரமானாலும் நின்று குளித்துவிட்டுத்தான் வருவான். பிசுபிசுவென்று எண்ணெயோடு சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறான் என்றால், அவனை யாரோ துரத்தியிருக்க வேண்டும். நாற்பது வருடம் இந்த ஊர்த் தண்ணீரில் குளித்தவன் நான். எனக்குத் தெரியாதா என்ன?

"உனக்கு வேற சோலி இல்லியா தாயி? போ, போயி அங்கன பாரு" என்று சொல்லிவிட்டு, நான் இன்னும் இரண்டு வண்டியை மேலே அனுப்பினேன். இரண்டிலும் நிற்க இடமில்லாத கூட்டம். செல்லத்தாயி தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

நாலு இருபதுக்கு அடுத்த வண்டி இறங்கி வந்தது. நான் ஜன்னலை நோக்கி ஓடினேன். படியில் முதலில் இறங்கிய ஒரு ஆள் என் மேல் மோதினார். திட்டுவதற்காகக் குனிந்து பார்த்தேன். அவர் காலில் செருப்பு இல்லை. அடுத்து இறங்கிய பெண் காலிலும் இல்லை. அதற்கடுத்து ஒரு கிழவர், அவருக்கும் இல்லை. அந்த வண்டியிலிருந்து இறங்கிய ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. ஒருவரும் பேசவும் இல்லை. எழுபது பேர் இறங்குகிற பஸ்ஸில் சத்தம் இல்லாமல் இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னய்யா ஆச்சு?" என்று அந்தக் கிழவரின் கையைப் பிடித்தேன்.

"வெள்ளம்" என்றார். "மேல மலையில பெஞ்சிருக்கு. கலங்கலா வந்துச்சு. கண்ண மூடித் தொறக்குததுக்குள்ள வந்துட்டு."

ஓட்டுநர் நீட்டிய ஷீட்டை நான் வாங்கவில்லை. சண்முகையா சொல்ல வந்தது என்ன என்று அப்போது புரிந்தது. எண்ணெய்த் தலைகள் எதற்காகத் துரத்தப்பட்டன என்றும் புரிந்தது. அவர்கள் தண்ணீர் கலங்கத் தொடங்கியதுமே வரிசையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். இவர்கள் தண்ணீருக்குள்ளிருந்து ஓடி வந்தவர்கள். இரண்டுக்கும் நடுவில் இருபது நிமிடம் இருந்திருக்கிறது. அந்த இருபது நிமிடத்தில் நான் சண்முகையா வண்டியோடு சேர்த்து மூன்று வண்டி ஜனங்களை விசில் ஊதி மேலே அனுப்பியிருக்கிறேன்.

என் அறையைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் மைதீனின் பெட்டி இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். வரும்போது என்ன செய்வோம் என்று நீங்கள் நினைத்துவைத்திருப்பதை எல்லாம் செய்ய மாட்டீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மைக்கை எடுத்தேன், வாயருகே கொண்டுபோனேன், பேசாமல் நின்றேன். எதிரே முந்நூறு நானூறு பேர் மேலே போவதற்காகக் காத்திருந்தார்கள். வெள்ளம் என்று சொன்னால், மேலே ஆள் இருக்கிறவர்கள் அலறியடித்துக்கொண்டு இருக்கிற வண்டியில் ஏறப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால், பஸ்ஸை ஏன் நிறுத்தினாய் என்று என் கொட்டகையைப் பிய்ப்பார்கள். அருவியைச் சுத்தம் செய்கிறார்கள் என்று ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளிக்கலாமா என்றுகூட யோசித்தேன். மேலதிகாரிக்குப் போன் போட்டேன். அவருக்கும் அப்போதுதான் செய்தி போயிருந்தது. உத்தரவு வரும்வரை பொறுங்கள் என்றார். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் பதறவும் இல்லை, காரியமும் செய்யவில்லை. மரமாக நின்றேன்.

செல்லத்தாயி மறுபடியும் வந்து நின்றாள். முன்பு சொன்னதை நான் கேட்கவில்லை என்று குத்திக்காட்டவில்லை.

"உள்ளதைச் சொல்லுங்க அண்ணாச்சி. உள்ளதைச் சொன்னா ஜனங்க கேப்பாவ. மறைச்சியன்னாத்தான் மூஞ்சியைப் பாத்துக் கண்டுபிடிச்சிருவாவ. உங்க மூஞ்சி இப்ப நல்லா இல்லை."

உள்ளதைச் சொன்னேன். ஐந்தருவியில் தண்ணீர் ஏறிவிட்டது. இங்கிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டியும் மேலே போகாது. மேலே இருப்பவர்களைக் கூட்டிவரக் காலி வண்டிகள் போகின்றன. அதில் யாரும் ஏறினால், மேலேயிருந்து இறங்க வேண்டிய ஒருவருக்கு இடம் போய்விடும். மேலே ஆள் போயிருக்கிறவர்கள் என் அறைக்கு வந்து பெயரைச் சொல்லுங்கள். மூன்று தடவை இதையே திரும்பச் சொன்னேன். கூட்டம் கேட்டது. யாரோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள், பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள்.

பிறகு, உத்தரவுக்குக் காத்திராமல் நின்ற வண்டிகளை எல்லாம் மேலே அனுப்பினேன். செங்கோட்டைக்குப் போர்டு போட்டு நின்றது, சுரண்டைக்குக் கிளம்ப இருந்தது, எல்லாவற்றையும் காலி செய்தேன். சுரண்டை வண்டியில் ஏற்கனவே உட்கார்ந்திருந்த ஒரு வியாபாரி, "எங்களை எறக்கிவிட ஒமக்கு யாருவே அதிகாரம் குடுத்தா?" என்று கேட்டார். "யாரும் குடுக்கல. நீரு எறங்கும்" என்றேன். என்னை என்ன நினைத்தாரோ, இறங்கிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பெயர் எழுத வந்தவர்களை அவர்தான் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். சண்முகையாவுக்குப் பின்னால் நான் அனுப்பிய அந்த இரண்டு வண்டிகளும் பாதி வழியிலேயே தடுத்து நிறுத்தப்பட்டு, போன ஆளோடு திரும்பி வந்தன. அவை உள்ளே நுழைந்ததும் ஓடிப்போய், ஜன்னல் ஜன்னலாகத் தலைகளை எண்ணினேன்.

ஒரு டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதினோம். ஒவ்வொரு வண்டி இறங்கும்போதும் ஆட்கள் வந்து, "நாங்க வந்துட்டோம்" என்று சொல்ல, ஒவ்வொரு பெயராக அடித்தேன். மைதீன் வீட்டார் பெயரைச் சொல்ல யாரும் வரவில்லை. அதை நானாகவே பட்டியலில் முதலாவதாக எழுதி வைத்தேன். மைதீன், ஜமீலா, உம்மா. உம்மாவின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று அப்போதுதான் நினைவு வந்தது.

ஐந்து மணி வாக்கில் என் நாற்காலிக்குக் கீழே போன் அடித்தது. தோள்பைக்குள்ளிருந்து. அடித்து அடித்து நின்றது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அடித்தது. செய்தி பரவியிருக்கும், வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. ஜிப்பைத் திறந்து எடுத்துப் பேச வேண்டும் என்று கை போகும், பின்வாங்கும். எடுத்து என்ன சொல்வது? நான்தான் அனுப்பி வைத்தேன் என்று சொல்வதா? அந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவே இல்லை. இன்றுவரை, எடுத்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன தெரிகிறதோ இல்லையோ, ஒரு மனிதக் குரலாவது கேட்டிருக்கும்.

ஐந்தரைக்குச் சண்முகையா, கொண்டுபோன ஆட்களை மேலே இறக்காமல் அப்படியே திரும்பி வந்தார். இந்தத் தடவை நான் ஷீட்டைக் கேட்கவில்லை. அவரைக் கீழே இறங்கச் சொல்லி, டீயை வாங்கிக் கையில் கொடுத்து, "சொல்லு" என்றேன்.

"போன நடையிலயே சொல்ல வந்தேன் அண்ணாச்சி. தண்ணி நெறம் மாறுது, ஆளை வெளிய தள்ளுதாவன்னு. நீங்க விடல."

"தெரியும்" என்றேன்.

"பொம்பளைய பக்கத்துல சில பேரு அக்கரைப் பாறையில மாட்டிக்கிட்டாவ. தண்ணி வடிய வடிய ஒவ்வொருத்தரா எறக்குதாவ. ஒரு ஆளு பெஞ்சாதியையும் உம்மாவையும் காணோம்னு தடுப்புக் கயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கான். அவனை அங்கிட்டு விடவும் மாட்டேங்காவ, அவன் எடத்த விட்டுப் போவவும் மாட்டேங்கான்."

கேட்கவே வேண்டாம், மைதீன்தான். ஆண்கள் பக்கத்தில் குளித்தவரை முதலில் வெளியேற்றியிருக்கிறார்கள். பெண்கள் பக்கத்தில் போனவர்கள் திரும்பவில்லை. சண்முகையாவை உடனே திருப்பி அனுப்பினேன். "அந்த மூணு பேரு இல்லாம வராத" என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

ஆறரை மணி ஆனது. திருவனந்தபுரம் பஸ் இன்ஜினை ஓடவிட்டு நின்றது. அதில் இருந்தவர்களில் விமானத்துக்குப் போகிறவர் வேறு இரண்டு பேர், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு குடும்பம். நான் டைம் கீப்பரானதிலிருந்து ஒரு வெளியூர் வண்டியையும் ஆளுக்காக நிறுத்தியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அன்று கடிகாரத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பஸ்ஸுக்குள்ளிருந்து முணுமுணுப்பு வந்தது. உள்ளே ஏறி, காரணத்தை அப்படியே சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற குடும்பத்துப் பெரியவர், "இன்னும் அஞ்சு நிமிசம் பாருங்க. அதுக்கு மேல எங்களாலயும் ஏலாது" என்றார். அதுதான் சரியான கணக்கு. நானும் அதற்குள் முடிவு செய்திருந்தேன், அதற்கு மேல் பிடித்துவைப்பது இன்னொரு குடும்பத்துக்குச் செய்கிற துரோகம்.

நாலாவது நிமிடத்தில் சண்முகையாவின் வண்டி உள்ளே வந்தது.

முதலில் இறங்கியவர்கள் எண்ணெய்த் தலைக்காரர்கள் சிலர். பிறகு மைதீன் இறங்கினார், உம்மாவைக் கையில் ஏந்திக்கொண்டு. பின்னால் ஜமீலா, முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. உம்மாவின் வெள்ளைத் துப்பட்டி இல்லை. மருமகளின் துப்பட்டாவைத் தலையில் சுற்றியிருந்தார். அதையும் மீறி நரைமுடி வெளியே வந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. அது நனைந்த முடி. அந்த வண்டியில் நனைந்த தலைகள் அவர்கள் மூவருடையது மட்டும்தான். உம்மா வரிசையில் நின்றவர் இல்லை, தண்ணீருக்குள் நின்றவர் என்று எனக்குப் புரிந்தது. உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷம் வருவதற்கு முன்னால் அந்த நினைப்புதான் வந்து என்னை அடித்தது.

பேச நேரமில்லை. மைதீன் உம்மாவை என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "நான் போவல உம்மா" என்றார்.

"நாளன்னைக்கு டூட்டில நிக்கலன்னா விசா போயிரும்னு சொன்ன. எனக்கு ஒண்ணுமில்லை. ஜமீலா இருக்கா. போ" என்றார் உம்மா. குளிரில் அவர் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. ஆனால் குரல் உறுதியாக இருந்தது. மைதீன் ஜமீலாவைப் பார்த்தார். அவளும் தலையசைத்தாள். தோள்பையிலிருந்து தன் போனை ஜமீலா எடுத்துக்கொள்ள, பையையும் பெட்டியையும் நானும் செல்லத்தாயியும் தூக்கி ஏற்றினோம். மைதீன் காலில் செருப்பு இல்லை. என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். அளவு பெரிது, ஆனாலும் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாக உம்மாவின் முகம் தெரிகிறவரை எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

வண்டி போன பிறகு, செல்லத்தாயி தன் சேலை ஒன்றைக் கொண்டுவந்து உம்மாவுக்குப் போர்த்திவிட்டாள். ஜமீலா வீட்டுக்குப் போன் பேச வெளியே போனாள். நான் உம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்.

"எல்லாரும் ஓடுனாவ தம்பி. தண்ணி செவப்பா வருது, ஓடுங்க ஓடுங்கன்னாவ. ஜமீலா என் கையைப் பிடிச்சி இழுத்தா. நான்தான், 'இரு புள்ள, பதறாத, அந்த டைம் கீப்பர் தம்பி ஒரு பயமும் இல்லன்னு சொன்னாவல்லா, தைரியமா நின்னு குளிங்கன்னாவல்லா'ன்னு சொல்லி நின்னேன். அவளும் என்னை விட்டுட்டுப் போவ முடியாம நின்னுட்டா. பொறவு அவதான் என்னை அந்தப் பாறை மேல இழுத்து ஏத்துனா."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் இரண்டேகால் மணிக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்ன வார்த்தையை அவர் வெள்ளத்துக்குள் நின்று நினைத்துப் பார்த்திருக்கிறார். ஓடுங்கள் என்று கண்ணெதிரே கத்திய நூறு பேரைவிட, என் காக்கிச் சட்டையை நம்பியிருக்கிறார். மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அழுதேன். செல்லத்தாயி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளே ஜன்னல் கையெழுத்தை நிறுத்திவிட்டேன். ஓட்டுநர் இறங்கி வரட்டும், டீ குடிக்கட்டும், பேசட்டும். நடை குறைந்தது ஏன் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். இப்போது உங்கள் கையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, வண்டி எங்கே நிற்கிறது என்று புள்ளி காட்டுகிறது. நல்லதுதான். ஆனால் ஓட்டுநர் வாயைத் திறந்தால் மூடச் சொல்லாதீர்கள். செல்லத்தாயி மாதிரி ஒருத்தி வந்து நின்றால், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று பார்க்காமல், என்ன பார்த்தாள் என்று கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நம் வேலையில் அதைச் சொல்லத்தான் நாக்கு வராது, எனக்குத் தெரியும்.

அன்று கொஞ்ச நேரம் கழித்து உம்மா கேட்டார். "கடையநல்லூருக்கு அடுத்த பஸ்ஸு எப்ப தம்பி?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏழே கால். வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். எழுந்து, வெறுங்காலோடு மைதானத்தைக் கடந்து, கடையநல்லூர் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனேன். வண்டி இருக்கிறதா என்று பார்த்தேன். ஓட்டுநர் இருக்கிறாரா என்று பார்த்தேன். ரோடு தெளிவாக இருக்கிறதா, எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். திரும்பி வந்து உம்மாவிடம், "ஏழே காலுக்கு இருக்கு பெரியம்மா. நான் போயிப் பாத்துட்டுதான் வாரேன்" என்றேன்.

"இதுக்குப் போயி எதுக்கு அம்புட்டுத் தூரம் நடந்திய? நீங்க சொன்னாப் போதாதா" என்று சொல்லிக்கொண்டே, எழுந்திருக்கக் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். ஜமீலா மறுபக்கம் பிடித்துக்கொள்ள, மெதுவாகக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டு, வண்டி கிளம்புகிறவரை அவர் ஜன்னலுக்குக் கீழேயே நின்றேன்.